கொப்புளம் வந்ததும் இதயக் குளிசையை நிறுத்தலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. இதய வருத்தத்துக்குக் குளிசை எடுக்கும் ஒருவருக்குத் தோலில் கொப்புளம் போடுகிறது. வீட்டார் பயந்துபோய்க் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். பயப்படுவது நியாயம்தான். ஆனால், அப்படி நிறுத்திவிட்டு மூச்சு இளைத்துத் தூக்கிவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சில பதில்களைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. இதயம் பலவீனம் என்று கிளினிக்கில் காட்டுகிறோம், சலரோகமும் இருக்கிறது. இரண்டு மாதமாக உடம்பெல்லாம் கடி. இப்போது தொடையிலும் கையிலும் பெரிய நீர்க்கொப்புளங்கள். சலம் போகிற குளிசையால்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் நான்கு நாளாக அதைக் கொடுக்கவில்லை. இரவில் படுக்க முடியாமல் இருந்தபடியே நித்திரை கொள்கிறார். – பரந்தன் வாசகி

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முதல் வரி, தங்கச்சி. படுக்க முடியாமல் இருக்கிறார் என்றால் நெஞ்சில் நீர் சேர்கிறது. கொப்புளத்தைப் பிறகு பார்க்கலாம், அப்பாவை இன்றே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிசையை நிறுத்தியதையும் எத்தனை நாள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் ஏசமாட்டார்கள், ஏசினாலும் சொல்லுங்கள்.

இனிக் கொப்புளம். எழுபது வயதைத் தாண்டியவருக்கு வாரக்கணக்கில் கடி இருந்து, பிறகு இறுகிப் புடைத்த, லேசில் உடையாத கொப்புளங்கள் வந்தால் 'புல்லஸ் பெம்பிகோயிட்' என்ற நோயை நினைக்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, மேல்தோலையும் அதற்குக் கீழுள்ள தோலையும் ஒட்டிவைக்கும் இடத்தையே தாக்குகிறது. பிளவு ஆழத்தில் நடப்பதால் கொப்புளத்தின் கூரை தடிப்பாக இருக்கும். இது தொற்றாது. அம்மாள் வருத்தமும் இல்லை, அப்பாவுக்குப் பக்கத்தில் தாராளமாக இருங்கள்.

மருந்தும் இதைத் தூண்டலாம். பக்கத்து வீட்டில் சொன்னது முழுப் பிழை இல்லை, சலம் போகிற குளிசையான பிரூசமைட் அந்தச் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதைவிட வலுவான சந்தேகம் சலரோகத்துக்குக் கொடுக்கும் சிற்றாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் வகையின் மேல். தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட இவை இந்த வேலையைச் செய்யும். அப்பா அதில் ஒன்றை எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால் அதை மாற்ற வேறு சலரோக மருந்துகள் இருக்கின்றன. நீரை வெளியேற்றும் குளிசைக்குத்தான் அவருடைய இதயத்தில் லேசில் மாற்று இல்லை.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு போங்கள், பாமசியில் வாங்கியதும் பரிகாரி கொடுத்த எண்ணெயும் உட்பட. ஒருமுறை ஓர் ஐயாவின் பையை மேசையில் கொட்டிப் பார்த்தேன். கிளினிக்கில் கொடுத்த கடதாசிப் பக்கற்றில் 'பிரூசமைட்', பாமசி அட்டையில் 'லாசிக்ஸ்'. இரண்டும் ஒரே மருந்து. இரண்டையும் மாதக்கணக்கில் காலையில் சேர்த்தே குடித்திருக்கிறார். அதன்பிறகு பையைப் பார்க்காமல் நான் மருந்து எழுதுவதில்லை. ஒவ்வொரு பக்கற்றிலும் அதைத் தொடங்கிய திகதியையும் எழுதிவிடுங்கள். மருந்தா காரணம் என்று கண்டுபிடிக்கப் பல நேரம் இரத்தப் பரிசோதனையைவிட அந்தத் திகதிதான் உதவும்.

நோயை உறுதிப்படுத்தக் கொப்புளத்தின் ஓரத்தில் சின்னத் தோல் துண்டு எடுப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை. சிகிச்சையில் ஒரு நல்ல செய்தி உண்டு. இதற்கு வழமையாகக் கொடுக்கும் ஸ்டீரொயிட் குளிசை உடம்பில் நீரைத் தேக்கும், சீனியையும் ஏற்றும். அப்பாவுக்கு இரண்டுமே கூடாதவை. குளோபெட்டசோல் என்ற வீரியமான ஸ்டீரொயிட் களிம்பை உடம்பு முழுவதும் பூசினாலே நோய் அடங்கும் என்று 2002இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உங்கள் டொக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்க வேண்டாம். இழுபட்டு நொந்தால் ஆஸ்பத்திரியில் சுத்தமான ஊசியால் நீரை வடிய விடுவார்கள், அந்தத் தோலே மேலே கிடந்து புண்ணுக்குக் கட்டாக இருக்கும்.

அம்மம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கி, கணைக்காலில் மட்டும் தெளிந்த நீரோடு கொப்புளம். கடியும் இல்லை, வேறு இடத்திலும் இல்லை. – மாங்குளம்

இது அநேகமாக மருந்தால் வந்ததல்ல, மருந்து போதாமல் வந்தது. கால் வேகமாக வீங்கும்போது தோலுக்கு விரிய நேரம் கிடைக்காமல், உள்ளே இருக்கும் நீர் மேலே தள்ளிக் கொப்புளமாகிறது. வீக்கம் இறங்கினால் அதுவும் வற்றும். தினமும் காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிட முன்னர் நிறை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்று. அன்றே காட்டுங்கள்.

எனக்கு 'ஸ்டென்ட்' வைத்து பத்து நாள். உடம்பெல்லாம் சிவந்து தடித்துக் கடிக்கிறது. குளோபிடோகிரெல் ஒத்துவரவில்லை என்று நினைக்கிறேன், விட்டுவிடவா? – நெடுங்கேணி

விடவேண்டாம். ஒரு நாளுக்குக்கூட நீங்களாக விடவேண்டாம். உங்கள் சந்தேகம் சரியாக இருக்கலாம், குளோபிடோகிரெல் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் இப்படி வருவதுண்டு. ஆனால் இதயக் குழாயை விரித்துவைக்கும் அந்தச் சின்ன வலைக்குழாயில், ஸ்டென்டில், இரத்தம் உறையாமல் காப்பது இந்தக் குளிசைதான். புதிதாக வைத்த ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. கடி சில நாளில் மாறும், செத்த இதயத் தசை திரும்பி வராது. குளோபிடோகிரெலைத் தொடர்ந்து கொடுத்தபடியே கடியை அடக்கும் குளிசையும், தேவையென்றால் சில நாள் ஸ்டீரொயிட்டும் கொடுத்துப் பலரைச் சரிப்படுத்தியிருக்கிறார்கள். முடியாவிட்டால் டிகாகிரெலோர் போன்ற வேறு மருந்து இருக்கிறது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த பிரிவின் டொக்டர். இன்றைக்கே தொடர்புகொள்ளுங்கள்.

அண்ணாவுக்கு இதய வருத்தம், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. கால் பெருவிரல் வீக்கத்துக்கு அலோபியூரினோல் தொடங்கி மூன்று வாரம். காய்ச்சல், கண் சிவப்பு, வாய்க்குள் புண். நெஞ்சில் கருஞ்சிவப்புப் புள்ளிகள், தொட்டால் நோகிறது. – துணுக்காய்

இந்தத் தம்பியோடு கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசி, அண்ணாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் மருந்தை உடனே நிறுத்தவேண்டிய இடம் இது.

நீர் போகும் குளிசைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும். அதனால் இதய நோயாளருக்குக் கவுட் என்ற இந்த மூட்டு வீக்கம் வருவதும், அதற்கு அலோபியூரினோல் கொடுப்பதும் வழமை. பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல மருந்து. மிகச் சிலருக்கு, முக்கியமாக முதல் எட்டு வாரத்துக்குள், தோலே கழன்றுவரும் ஒவ்வாமையைத் தரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து கூட. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பின், பெனிற்றோயின், கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் ஆகியவையும் இதைச் செய்யும்.

தோல் கடிப்பதைவிட நோகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வாய், கண், சலவாசலில் புண் இருக்கிறதா, விரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் நழுவுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிதாகத் தொடங்கிய அந்த மருந்தை அடுத்த வேளைக்குக் கொடுக்காமல் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தோல் உடம்பில் பரவலாகக் கழன்ற வகையில் 100 பேரில் 30 பேர் அளவில் இறக்கிறார்கள், அதனால் மணித்தியாலமும் கணக்கு. தப்பிவந்த பிறகு மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. கூடப்பிறந்தவர்களும் அலோபியூரினோல் எழுதும் டொக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

மூன்று நாளாக இடது நெஞ்சில் எரிவோடு நோ. ஈசிஜி நல்லம் என்று அனுப்பினார்கள். இன்று அதே இடத்தில் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள். – முள்ளியவளை

ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து நெஞ்சுவரை பட்டி போல வந்தால் அது அக்கி. சின்ன வயதில் வந்த அம்மாள் வருத்தத்தின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்பி எழுகிறது. குளிசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தைக் கொப்புளம் வந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன், எனவே நாளை என்று வைக்காதீர்கள். நோவுக்கு டைக்குளோபெனக் வாங்கிப் போடவேண்டாம், அது நீரைத் தேக்கி இதயத்துக்குச் சுமை ஏற்றும். நெஞ்சு நோவை அலட்சியம் செய்யாமல் ஈசிஜி எடுத்தீர்களே, அது மிகச் சரி.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்த மாமிக்கு உள்ளங்காலில் கொப்புளம். நோவே இல்லை என்கிறார். சலரோகமும் இதய வருத்தமும் உண்டு. – ஒட்டுசுட்டான்

நோ இல்லாததுதான் எனக்குக் கவலை. வைகாசி வெயிலில் சுட்ட மணலை அவருடைய கால் உணரவில்லை. நரம்பு மரத்துவிட்டது. இது சூட்டுக் காயம், சின்னதாகத் தெரிந்தாலும் இந்த வாரமே காட்டி மருந்து கட்டவேண்டும். அடுத்த வருடம் கோயில் வாசல்வரை செருப்போடு போகட்டும். அம்மாள் கோபிக்கமாட்டா.

பிரஷருக்கு லோசாட்டன் தொடங்கி ஒரு கிழமை. காலையில் எழும்பும்போது கழுத்தில் கோடு இழுத்தது போலச் சிவந்து, எரிவோடு சிறு கொப்புளங்கள். பயத்தில் குளிசையை விட்டுவிட்டேன். வயலில் அருவி வெட்டு நடக்கிறது. – விசுவமடு

கடைசி வசனத்தில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. வயல்களில் செம்மஞ்சளும் கறுப்புமாக எறும்பு மாதிரி நீண்ட ஒரு சிறு வண்டு உண்டு. இரவில் வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தட்டி நசுக்க, அதன் உடம்பு நீர் பட்ட கோட்டில் ஒரு நாள் கழித்துத் தோல் வெந்ததுபோல ஆகும். மருந்து ஒவ்வாமை இப்படி ஒரே ஒரு கோடாக வராது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், கை பட்டால் கண்ணைக் கசக்காதீர்கள். பத்து நாளில் ஆறும், கறை கொஞ்ச நாள் இருக்கும். இனி மேலே ஊர்ந்தால் ஊதிவிடுங்கள், படுக்கைக்கு நேரே மின்குமிழ் எரிய வேண்டாம். லோசாட்டனை இன்றிரவே திரும்பத் தொடங்குங்கள்.