நான்கு பொதி கேட்டவர் ஐந்து கிலோ எதிர்பார்த்தார்: பனங்கட்டி விற்ற சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் பூநகரியில் இருக்கிறேன். அம்மாவும் நானும் பனங்கட்டி காய்ச்சி, குட்டானில் (சிறிய பனையோலைப் பெட்டியில்) இட்டு, ஒன்லைன் கடை ஒன்றின் மூலம் விற்கிறோம். நான் போட்ட தலைப்பு: 'பூநகரி சுத்தமான இயற்கைப் பனங்கட்டிக் குட்டான் 5 – 250 கிராம்'. விலை 700 ரூபா. ஒரு குட்டான் 50 கிராம், ஐந்தும் சேர்ந்து 250 கிராம். வெள்ளவத்தையில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு என்று நான்கு பொதி எடுத்தார். பார்சல் போன அன்றே போன் பண்ணி, ஒரு குட்டான் 250 கிராம் என்று நினைத்ததாகவும் மொத்தம் ஐந்து கிலோ வரவேண்டும் என்றும் சத்தம் போட்டார். படத்தில் கடகம் (ஓலைக்கூடை) நிறையக் குட்டான் இருந்ததாம். பயத்தில் அன்றிரவே படத்தை மாற்றிவிட்டு, 'முதலிலிருந்தே இந்தப் படம்தான்' என்று அவருக்கு எழுதிவிட்டேன். இப்போது என்னைக் 'கள்ளி' என்று பேஸ்புக்கில் போட்டிருக்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடப் போகிறாராம். அவர்மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய பழைய ஸ்கிரீன்ஷொட்டை என் போனில் திறந்து பார்த்தேன். வாங்குகிறவர் பார்ப்பதும் போனில்தானே. தலைப்பு 'பூநகரி சுத்தமான இயற்கைப் பனங்…' என்பதோடு அறுந்துபோகிறது. எண்ணிக்கையும் எடையும் கண்ணில் படவே இல்லை. படத்தில் தெரிவது ஒரு கடகம். மேலே எண்ணக்கூடிய குட்டான் மட்டும் இருபத்திரண்டு. அதன் கீழே 700 ரூபா. இதைப் பார்த்தவர் எதை நினைத்து 'வாங்கு' என்பதை அழுத்தியிருப்பார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

உள்ளே போய்த் தலைப்பை முழுதாகப் படித்தாலும் சிக்கல் தீரவில்லை. '5 – 250 கிராம்' என்பதை ஐந்தும் சேர்ந்து 250 என்றும் வாசிக்கலாம், ஐந்து, ஒவ்வொன்றும் 250 என்றும் வாசிக்கலாம். இரண்டு பொருள் தரும் எழுத்து என்றால், அதை எழுதியவருக்கு எதிரான பொருளையே எடுப்பது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய விதி. எழுதியவர் நீங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, வியாபாரி எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும், அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையில் ஈடுபடக்கூடாது என்கிறது. 'வழிநடத்தக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்று அந்தப் பிரிவின் வாசகம் கேட்கவில்லை. உங்கள் மனதில் இருந்தது 250 கிராம் என்பதை நான் முழுதாக நம்புகிறேன். ஆனால் பார்த்தவர் கண்ணில் என்ன பட்டது என்பதுதான் அங்கே கேள்வி. பனங்கட்டி உணவு என்பதால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் வருகிறது. உணவைத் தவறான எண்ணம் தரும் விதமாக விளம்பரப்படுத்துவதை அதுவும் தடுக்கிறது.

அப்படியானால் ஐந்து கிலோ கொடுக்கத்தான் வேண்டுமா? இல்லை என்பது என் கருத்து. இங்கே விலை உங்களுக்குக் கைகொடுக்கிறது. 2,800 ரூபாவுக்கு ஐந்து கிலோ என்றால் கிலோ 560 ரூபா. குட்டான் பனங்கட்டி அந்த விலைக்கு வராது என்பதைக் காட்டுவது கடினமில்லை. நீங்கள் ஒன்றை நினைத்து விற்றீர்கள், அவர் வேறொன்றை நினைத்து வாங்கினார், இருவர் மனமும் ஒரே பொருளில் சேரவில்லை. நமது நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் இப்படியான இடத்தில் வழக்கமான வழி, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுப்பது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்துக்கே கொண்டுவரும். சொன்ன அளவுக்குக் குறைய வந்தால் வாங்குபவர் மறுக்கலாம். வைத்துக்கொண்டால், வந்த அளவுக்கு உரிய காசைக் கொடுக்க வேண்டும். ஆகவே அவருக்கு உரிமை உண்டு, ஆனால் அது ஐந்து கிலோவுக்கான உரிமை அல்ல.

எனக்குக் கவலை தருவது நீங்கள் அன்றிரவு செய்த வேலை. படத்தை மாற்றியது பிழையே இல்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றிவிட்டு 'முதலிலிருந்தே இதுதான்' என்று எழுதியதுதான் பிழை. அவரிடம் பழைய படம் ஸ்கிரீன்ஷொட்டாக இருக்கும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க முடியாது. உங்கள் வட்ஸ்அப் செய்தியும் அப்படித்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆவது பிரிவு சொல்லும் ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்குக் கெட்ட எண்ணம் வேண்டும். உங்களிடம் அது இருக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் படிக்கிற அதிகாரிக்கு, இருந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும். தெரியாமல் நடந்த பிழைக்கு நீங்களே ஒரு கெட்ட நிறம் பூசிவிட்டீர்கள். அதை இன்றைக்கே துடைக்க வேண்டும்.

மானநஷ்டம் பற்றிக் கேட்டீர்கள். அவதூறு 2002ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டக்கோவையில் இருந்து நீக்கப்பட்டது, ஆகவே அதற்காகப் பொலிசில் முறையிட்டுப் பலன் இல்லை. சிவில் வழக்குப் போடலாம். அதில் அவர், சொன்னது உண்மை, பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்பார். 'படத்தில் கடகம் நிறைய, பார்சலில் கைப்பிடி அளவு' என்று அவர் எழுதியது உண்மைதான், மற்ற வாங்குபவர்களுக்குப் பயனுள்ளதும்தான். 'கள்ளி' என்ற சொல் வேறு, அது உங்களை நோகடித்திருக்கிறது என்று தெரியும். ஆனால் உங்கள் செய்தி அவர் கையில் இருக்கும்போது அந்தச் சொல்லை வைத்து நீதிமன்றம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிழையைத் திருத்திக் காசையும் கொடுத்த பிறகு, பதிவை எடுக்கும்படி கேளுங்கள். அநேகர் எடுத்துவிடுவார்கள்.

அதிகாரசபை முறைப்பாட்டுக்குப் பயந்து ஒளிக்க வேண்டாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட அவருக்கு உரிமை இருக்கிறது. விசாரணைக்கு அழைத்தால் போங்கள். பழைய படம், புதிய படம், காசு திருப்பிய பற்றுச்சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். அதற்கு முன் காசு விஷயத்தில் இழுபறி வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. இந்த அளவு தொகைக்கான தகராறு நீதிமன்றம் போவதற்கு முன் அங்கேதான் போக வேண்டும், அங்கே செலவும் இல்லை.

இனிக் கடையைத் திருத்துவது. எண்ணிக்கையைத் தலைப்பின் முதல் சொல்லாக்குங்கள்: '5 குட்டான் கொண்ட பொதி (ஒன்று 50 கிராம், மொத்தம் 250 கிராம்) பனங்கட்டி, பூநகரி'. 'சுத்தமான', 'இயற்கை' எல்லாம் பின்னால் வரட்டும், அறுந்துபோனாலும் நட்டமில்லை. முதல் படத்தில் வெறும் பாயில் ஐந்தே ஐந்து குட்டான், எண்ணக்கூடியபடி தள்ளித் தள்ளி. பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை வைத்தால் குட்டானின் பருமன் தெரியும், ஆனால் கோப்பை பொதியில் இல்லை என்று கீழே எழுதுங்கள். கடகத்தோடு எடுத்த படம் அழகான படம், அதை நான்காவது ஐந்தாவது இடத்தில் போடலாம், 'கடகம் விற்பனைக்கு இல்லை' என்ற வரியோடு. 10 குட்டான், 20 குட்டான் பொதிகளையும் இதே பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள், மூன்றுக்கும் ஒரே படம். ஒவ்வொரு தெரிவுக்கும் அதனதன் எண்ணிக்கை உள்ள படம் வேண்டும். விசேஷத்துக்கு வாங்குபவர்கள் அங்கேதான் குழம்புகிறார்கள்.

கடிதத்தின் கடைசியில், சவர்க்காரம் மூன்றைச் சேர்த்துக் கட்டி விற்க இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சவர்க்காரத்தில் கம்பனி அச்சிட்ட விலை இருக்கும். மூன்றின் அச்சு விலையைக் கூட்டி வரும் தொகைக்கு மேல் பொதிக்கு விலை போட வேண்டாம். அனுப்பும் செலவைத் தனியாகக் காட்டுங்கள்.

போரில் எல்லாம் இழந்து, வீட்டு அடுப்பிலிருந்து திரும்ப எழும்பிய குடும்பங்களின் கடிதங்கள் வன்னியில் இருந்து எனக்கு நிறைய வருகின்றன. ஆகவே உங்கள் பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. அந்த வெள்ளவத்தைக்காரருக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள். உங்களுக்கு வசதியாக இப்படி எழுதித் தருகிறேன்:

'ஐயா, நீங்கள் வாங்கியபோது கடையில் இருந்தது கடகம் நிறையக் குட்டான் உள்ள படம்தான். அன்றிரவே நான் அதை மாற்றினேன். முதலிலிருந்தே புதிய படம் என்று எழுதியது பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எடையை நான் எழுதிய விதமும் தெளிவாக இல்லை. பொருளைத் திருப்பி அனுப்புவதானால் கூரியர் செலவு என்னுடையது, பார்சல் கிடைத்ததும் 2,800 ரூபாவையும் வங்கிக் கணக்கில் போடுகிறேன். ஒரு பொதியை உடைத்திருந்தால் அதற்குக் காசு வேண்டாம். வைத்துக்கொள்ள விரும்பினால் என்ன தொகை குறைக்கலாம் என்று சொல்லுங்கள். விசேஷத்துக்கு மேலும் தேவையென்றால் கிலோ கணக்கில் விலை சொல்கிறேன்.'