ஆட்டுக்கும் வாழைக்கும் ராஜபாளையம் நாய் சரிப்படுமா?

கேள்வி: களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் 2 ஏக்கர் ஏத்தன் வாழையும் 25 வெள்ளாடும் வைத்திருக்கிறேன். ராத்திரி காட்டுப்பன்றி வந்து வாழைக்கன்றைத் தோண்டிப் போடுகிறது. காவலுக்கு ராஜபாளையம் குட்டி ஒன்று பேசி வைத்திருக்கிறேன். 45 நாள் ஆகிறது, சுத்த வெள்ளை. ஆட்டோடு பழகுமா? எப்படி வளர்க்க வேண்டும்?

பதில்: அண்ணாச்சி, பணத்தைக் கொடுக்கும் முன்னே குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். ராஜபாளையத்துக்குப் பால்வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும்தான் அழகு. ஆனால் அந்த வெள்ளையோடு சேர்ந்தே சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் வருகிறது. கூட்டத்தோடு இருக்கையில் இது தெரியாது. மற்ற குட்டிகள் திரும்பினால் அதுவும் திரும்பிவிடும். தனியே பிரித்து விட்டு, அது மண்ணை மோந்துகொண்டிருக்கும் நேரம் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் தட்டினால் அதிர்வு காலில் தெரிந்துவிடும், அது வேண்டாம். காது மடல் அசைந்து தலை திரும்ப வேண்டும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் 5 மாதக் குட்டியை, கூப்பிட்டால் வராத பிடிவாதக்கார நாய் என்று அடித்து அடித்தே வைத்திருந்தார்கள். நான் அதன் முதுகுக்குப் பின்னால் ஈயத்தட்டைத் தட்டினேன். அது பாட்டுக்கு எறும்பைப் பார்த்தபடி படுத்திருந்தது. அந்த அடி எல்லாம் வீண் அடி என்று நினைக்கையில் இன்றும் மனசு கேட்கவில்லை.

45 நாளில் தாயை விட்டுப் பிரிக்காதீர்கள். 2 மாதம் நிறையட்டும்.

ஆட்டோடு பழகும், ஆனால் தானாகப் பழகாது. இது வேட்டைக்கு வளர்ந்த சாதி. எது ஓடினாலும் துரத்தும். குட்டியிலேயே பட்டியை ஒட்டி அதற்கு இடம் கொடுங்கள். தாய் ஆடு ஒன்றிரண்டு முறை முட்டினாலும் நல்லதுதான், மரியாதை தெரிந்துகொள்ளும். ஒன்றரை வயது ஆகும் வரை இளங்குட்டிகளோடு தனியே விடாதீர்கள். ஓட்டத்துக்கு என்றால் சிப்பிப்பாறை, கன்னி சாதி நாய்கள். வீட்டையும் தோட்டத்தையும் காக்க ராஜபாளையம் நல்ல தேர்வுதான். வீட்டாரிடம் உயிரை விடும். வெளியாளை எளிதில் ஏற்காது. வாழைத்தார் வெட்ட ஆள் வரும் நாளில் கட்டி வையுங்கள். மற்ற நேரம் சங்கிலியிலேயே கிடந்தால் மூர்க்கமாகிவிடும். காலையும் மாலையும் ஓட விடுங்கள்.

பன்றி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். நாயின் வேலை குரைத்து உங்களை எழுப்புவது. பன்றியோடு மல்லுக்கட்ட விட்டால் அதன் கோரைப்பல்லில் குடல் சரியும். நாயை ஏவிக் காட்டுப்பன்றி பிடிப்பது சட்டப்படி குற்றமும்கூட. உங்கள் அடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் வேறு உண்டு, அதற்கு நாய் பிடித்த இரை. ராத்திரி வெளியே கட்டிப்போடாமல், மேலேயும் வலை அடித்த கூண்டில் அடையுங்கள். உள்ளிருந்து குரைத்தாலே போதும்.

வெள்ளைத் தோல் வெயில் தாங்காது. சித்திரை, வைகாசியில் மூக்கும் காது நுனியும் வெந்துபோகும். வேப்ப நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் கூழ், தயிர்ச்சோறு, முட்டை, வேகவைத்த கோழி போதும். வெந்த எலும்பு கூடாது. வளர்ந்த பிறகு இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய், வயிறு முட்டத் தின்றதும் ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஆடு வைத்திருப்பவர் மறக்கவே கூடாதது நாடாப்புழு. ஆடு அறுத்தால் தலையையும் ஈரல், நுரையீரல் கட்டிகளையும் நாய்க்குப் பச்சையாகப் போடுவார்கள். அதிலிருந்து நாய்க்குப் புழு, நாயின் மலத்திலிருந்து புல்லுக்கு முட்டை, புல்லிலிருந்து மறுபடி ஆட்டுக்கு மூளையில் நீர்க்கட்டி. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வகைப் புழுக்களில் ஒன்று வீட்டுப் பிள்ளைகளின் ஈரலிலும் கட்டி உண்டாக்கும். கழிவை ஆழப் புதையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டல் மருந்து சேர்ந்த புழு மாத்திரை, எடை பார்த்துக் கொடுங்கள். ஆட்டுக்கு வாங்கிய மருந்தையே நாய்க்கும் ஊற்ற வேண்டாம்.

குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 4 மாதம் வரை 3, 4 வார இடைவெளியில். வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில், பிறகு வருடந்தோறும். ரத்தமும் வாந்தியுமாகப் போனாலோ, உண்ணி ஏறி ஈறு வெளுத்தாலோ ஒரு நாள்கூடப் பார்த்திருக்காதீர்கள். உள்ளூர் மருந்தகத்தில் முடியாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள்.