வாசகர் கேள்வி: வீட்டு பிளக்கிலேயே கார் சார்ஜ்

கேள்வி: மின்சார கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பேட்டரி நன்றாக இறங்கிய பிறகு ஒரேயடியாக 100 சதவீதம் ஏற்றுவதே நல்லது என்கிறார் நண்பர். வீட்டில் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது. 7 கிலோவாட் சார்ஜர் மாட்டியே ஆகவேண்டுமா?

பதில்: உங்கள் நண்பர் பழைய நிக்கல் பேட்டரியை நினைத்துக்கொண்டு பேசுகிறார். லித்தியம் பேட்டரிக்குப் பட்டினியும் ஆகாது, தினமும் முட்டமுட்டச் சாப்பாடும் ஆகாது. 40 கிலோமீட்டருக்கு ஒரு சாதாரண கார் சுமார் 6 யூனிட் குடிக்கும். உங்கள் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும். 7 கிலோவாட் எதற்கு? தினமும் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் யோசிக்கட்டும்.

80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துவிடுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் மட்டும் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்வார்கள், கையேட்டைப் பாருங்கள். வந்ததும் வராததுமாகச் செருகாமல், கிளம்புவதற்குச் சற்று முன்னால் முடியும்படி டைமர் வையுங்கள். ராத்திரிக் கட்டணம் குறைவென்றால் அதுவும் லாபம்.

எனக்குப் பயம் பேட்டரியைப் பற்றி அல்ல, சுவரில் இருக்கும் பிளக்கைப் பற்றித்தான். என் வீட்டில் மூன்றாவது மாதமே கருகல் வாசனை வந்தது. கழற்றிப் பார்த்தால் நியூட்ரல் திருகு அரைச்சுற்று தளர்ந்து, அந்தத் துளை மட்டும் காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. தளர்ந்த இடத்தில் மின்தடை 0.2 ஓம் இருந்தாலே, 15 ஆம்பியர் ஓடும்போது 45 வாட் சூடு கிளம்பும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பெட்டிக்குள் வைத்து மூடிய மாதிரி! மிக்சி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும், கார் மணிக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் சாதாரண பிளக் தாங்குவதில்லை.

கார் பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), சரிபார்த்த எர்த் வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. சார்ஜ் தொடங்கி அரைமணி கழித்துப் பிளக் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வயரிங் பழசா? அதை மாற்றும்வரை காரிலோ சார்ஜரிலோ 10 ஆம்பியருக்குக் குறையுங்கள். சூடு பாதியைவிடக் குறைந்துவிடும். நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கேள்வி: மழையில் சார்ஜ் போடலாமா?

பதில்: போடலாம். காரும் சார்ஜரும் பேசிக்கொண்ட பிறகுதான் காரில் செருகும் முனையான 'கன்'னில் மின்சாரமே வரும். ஆனால் சுவர் பிளக்கில் சாரல் படக்கூடாது. அப்புறம், ஈரக்கையோடு அதைத் தொடாதீர்கள்.