யாரோட பாக்கப் போறீங்க, அதை முதல்ல சொல்லுங்க: படம் கேட்டவங்களுக்கு என் பதில்கள்

வாரம் ஒரு படம்னு பதினஞ்சு வருஷமா ஒரு சின்னக் கூட்டத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துப் போட்டுட்டு இருக்கேன். அதுல நான் கத்துக்கிட்டது, நல்ல படம் எதுன்னு தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும், பக்கத்துல யாரு உக்காரப் போறாங்க, படம் முடிஞ்சு எந்திரிக்கும்போது மனசு எப்படி இருக்கணும். இது ரெண்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கேள்வி நிறைய வந்திருக்கு, முடிஞ்சவரைக்கும் ஒவ்வொண்ணா எழுதுறேன்.

கேள்வி: அக்கா, லீவுக்கு எல்லாரும் ஒண்ணா இருக்கோம், மொத்தம் எட்டு பேர், பாட்டிக்கு 78 வயசு, கடைக்குட்டிக்கு 9. யாரும் நெளியாம, யாரும் போன எடுக்காம பாக்குற மாதிரி ஒரு படம் சொல்லுங்க.

பதில்: 'காதலிக்க நேரமில்லை', ஸ்ரீதர் எடுத்தது, 1964. பழைய படம்னு பசங்க மூஞ்சிய சுளிப்பாங்க, விடுங்க, கலர் படம்தான், அதுவும் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருக்கும். சினிமா எடுக்கப்போறேன்னு திரியுற நாகேஷ் அப்பா பாலையாவ உக்கார வெச்சு ஒரு திகில் கதை சொல்லுவாரு பாருங்க, அங்க பேயும் கிடையாது ஒண்ணும் கிடையாது, நாகேஷ் வாயாலேயே எல்லா சத்தத்தையும் போடுவாரு, பாலையா மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா வெளிறிப் போகும். அந்த சீன்ல நாகேஷ பாக்காதீங்க, பாலையாவ மட்டும் பாருங்க. நான் போட்ட ஒவ்வொரு தடவையும் சின்னப் பசங்கதான் முதல்ல சிரிச்சிருக்காங்க. பாட்டிக்கு டயலாக் மனப்பாடமா இருக்கும், முன்னாடியே சொல்லிடுவாங்க, தடுக்காதீங்க, அதுவும் சேந்துதான் அன்னிக்குப் படம்.

கேள்வி: உங்க டாப் 10 லிஸ்ட் போடுங்க.

பதில்: லிஸ்ட் தர்றதில்லைங்க. என் பத்து உங்களுக்கு ஒத்து வராது. இன்னிக்கு ராத்திரி யாரோட உக்காருவீங்கன்னு சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு சொல்றேன்.

கேள்வி: அக்கா, நாலு வருஷ லவ்வு, போன மாசம் பிரிஞ்சிட்டோம். '96' பாருடா, அழுது தீத்துடலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. பாக்கலாமா?

பதில்: இப்ப வேணாம் தம்பி. '96' அருமையான படம், ஆனா அது காயம் ஆறி இருவது வருஷம் கழிச்சு அதைத் தடவிப் பாக்குறவங்களோட கதை, உனக்கு இன்னும் தையலே பிரிக்கல. அந்த ராத்திரி முழுக்க அவங்க ரெண்டு பேரும் நடந்துகிட்டே பேசுறத பாத்துட்டு நீ போன எடுத்து மெசேஜ் போட்டுடுவ, காலையில அதுக்கும் சேத்து வருத்தப்படுவ. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர் அப்படிப் பண்ணிருக்காங்க. 'கைதி' போடு, 2019. ஹீரோயின் கிடையாது, பாட்டு கிடையாது, ஒரே ராத்திரி, ஒரு லாரி. பாசம் வேணும்னா அதுல ஒரு அப்பா மகள் கதை இருக்கு, அதுக்கு அழணும்னா தாராளமா அழு. '96'அ ஒரு வருஷம் கழிச்சு பாரு, அப்ப அது உனக்கு வேற படமா தெரியும்.

கேள்வி: மேடம், எங்க அப்பாவுக்குக் காது ரொம்ப மந்தம் ஆயிடுச்சு. மெஷின் வெச்சாலும் டிவி சத்தம் இரைச்சலாதான் கேக்குதாம், சப்டைட்டில் ஓடுற வேகத்துக்குப் படிக்க முடியல. படம்னா உயிரு அவருக்கு, இப்ப பாக்குறதையே விட்டுட்டாரு. ஏதாவது வழி இருக்கா?

பதில்: இருக்குங்க, இந்தக் கேள்விய படிச்சதும் எனக்கு வேற எதுவும் ஓடல. 'பேசும் படம்' போடுங்க, 1987ல சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்தது, கமலும் அமலாவும். கன்னடத்துல 'புஷ்பக விமானா'ன்னு வந்தது. படம் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பேச முடியாதவங்களப் பத்தின கதையும் இல்ல அது, எல்லாரும் பேசுவாங்க, நமக்குக் காதுல விழாத தூரத்துல கேமரா நிக்கும், இல்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பாங்க, இல்ல பேசத் தேவையே இருக்காது. அப்பாவும் நீங்களும் அதுல சரிசமமா உக்காந்து பாக்கலாம், "என்ன சொன்னான், என்ன சொன்னான்"னு அவரு உங்களக் கேக்க வேண்டியதே இல்ல.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நீங்க கை கொடுக்கணும். சத்தம் நிறைஞ்ச இடத்துல குடியிருந்த ஆளு பெரிய ஹோட்டல் ரூமுக்கு வந்ததும் அந்த அமைதியில தூக்கமே வராது, பழைய இடத்துக்குப் போயி அந்த இரைச்சல டேப்ல பதிஞ்சுட்டு வந்து ஓட விட்டுத் தூங்குவான். அந்தக் காமெடி சத்தத்துலதான் இருக்கு, அதனால அப்பாவுக்கு முன்னாடியே ஒரு வரி சொல்லி வெச்சிருங்க, மத்தது அவரே புரிஞ்சுக்குவாரு. அவருக்குப் புடிச்சா அடுத்து சாப்ளினோட 'சிட்டி லைட்ஸ்', 1931, அதுக்கப்புறம் 'மாடர்ன் டைம்ஸ்', 1936. இடையில வர்ற எழுத்து அட்டைய மட்டும் நிறுத்தி வெச்சுப் படிச்சுக் காட்டுங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு உங்க பாஷை தெரியாதுன்னாலும் இந்த மூணு படமும் கை கொடுக்கும்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு த்ரில்லர் மட்டும்தான், எனக்குக் குடும்பக் கதை வேணும். ஒவ்வொரு வாரமும் ரிமோட்டுக்கு சண்டை.

பதில்: மலையாள 'த்ரிஷ்யம்', 2013. தமிழ்லதான் வேணும்னா 'பாபநாசம்', 2015, ரெண்டையும் எடுத்தது ஜீத்து ஜோசப்தான். முதல் பாதி உங்களோடது, அப்பா அம்மா பொண்ணுங்க அவங்க சின்னச் சின்ன சண்டைன்னு போகும், அவரு கொட்டாவி விடுவாரு, "எந்திரிக்காதீங்க, இது எல்லாமே திரும்ப வரும்"னு மட்டும் சொல்லி உக்கார வெச்சிடுங்க. ரெண்டாவது பாதி அவரோடது. ஆனா அப்பவும் உங்க குடும்பக் கதை நிக்காது, அதான் அந்தப் படத்தோட பலம்.

கேள்வி: என் பொண்ணுக்கு 6 வயசு. ஜப்பான் கார்ட்டூன் படம் நல்லா இருக்கும்னாங்க, 'க்ரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன், போட்டு விடவா?

பதில்: ஐயோ வேண்டாம்மா, தயவுசெஞ்சு போட்டு விட்டுடாதீங்க. அது போர்ல அனாதையான ஒரு அண்ணன் தங்கச்சி கதை, பெரியவங்களே ஒரு தடவைக்கு மேல பாக்க முடியாம தவிக்கிற படம், கார்ட்டூனா இருக்கேன்னு நம்பி ஏமாந்தவங்க நிறைய பேர். அதே ஜிப்லி ஸ்டுடியோ 'மை நெய்பர் டோட்டோரோ'ன்னு ஒண்ணு எடுத்தாங்க, மியாசாகி டைரக்ஷன், நீங்க தேடுறது அதைத்தான். இந்த ரெண்டு படத்தையும் 1988ல ஜப்பான்ல ஒரே டிக்கெட்டுக்கு ஜோடியா ரிலீஸ் பண்ணாங்கன்னா நம்புவீங்களா, அன்னிக்கு குழந்தைங்கள கூட்டிட்டுப் போனவங்கள நெனச்சா எனக்கு இன்னமும் மனசு பதறும்.

டோட்டோரோ 86 நிமிஷம், வில்லனே கிடையாது. மழையில பஸ் ஸ்டாப்புல ரெண்டு பொண்ணுங்க நிக்கும்போது பக்கத்துல அந்தப் பெரிய டோட்டோரோ வந்து நிக்கும், குடை கொடுத்ததும் அதுமேல சொட்டு விழுற சத்தம் கேட்டு அதுக்கு வர்ற சந்தோஷம் இருக்கே, உங்க பொண்ணு அதை ரெண்டு மூணு தடவை திருப்பிப் போடச் சொல்லுவா. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், அதுல பசங்களோட அம்மா உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருப்பாங்க. உங்க வீட்டுலயும் அப்படி ஒரு நிலைமை இருந்தா பொண்ணுகூடவே உக்காந்து பாருங்க.

கேள்வி: வளத்த நாய் செத்துப்போச்சு. படத்துல நாய் சாகுமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு. 'டஸ் த டாக் டை'ன்னே ஒரு சைட் இருக்கு, படம் பேரப் போட்டா அதுல நாய் சாகுதா இல்லையான்னு சொல்லிடும். படங்களோட விவரம் எல்லாம் இருக்குற ஐஎம்டிபி சைட்ல 'பேரன்ட்ஸ் கைடு' பகுதியும் பாருங்க, சண்டை, ரத்தம், படுக்கையறைக் காட்சி எல்லாம் எந்த அளவுக்கு இருக்குன்னு எழுதியிருப்பாங்க. கதை கொஞ்சம் உடையும், பரவால்ல. உங்க செல்லத்துக்காக வருத்தப்படுறேன்.

கேள்வி: அக்கா, நீங்க சொன்னீங்கன்னு 'அன்பே சிவம்' போட்டேன். ஆறு ஃப்ரெண்ட்ஸ்ல நாலு பேர் பாதியில எந்திரிச்சு பால்கனிக்குப் போயிட்டாங்க. எனக்கு அசிங்கமா போச்சு.

பதில்: தப்பு என்மேலதான், எத்தனை பேருன்னு உன்கிட்ட கேக்காம சொல்லிட்டேன். வெள்ளத்துல மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் பேசிக்கிட்டே ஊரு போய்ச் சேர்ற படம் அது, பாக்குறவங்களும் ஒருத்தர் ரெண்டு பேரா இருந்தாதான் உள்ள இறங்கும். ஆறு பேர்னா நடுவுல கமென்ட் அடிக்க இடம் இருக்கணும், ஒரு வரி விட்டுப்போனாலும் கதை புரியணும். அடுத்த தடவை 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' போடு. தலையில அடிபட்டு ஒரு வருஷ ஞாபகம் போன மாப்பிள்ளைய வெச்சுகிட்டு மூணு ஃப்ரெண்ட்ஸ் கல்யாணத்த நடத்தி முடிக்கிற கதை. சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்லுவான், மூணாவது தடவைக்குள்ள உன் கூட்டமே அவன்கூட சேந்து டயலாக் சொல்லும்.

கேள்வி: உலக சினிமா பாக்கணும்னு ஆசை, ஆனா பத்து நிமிஷத்துல தூங்கிடுறேன். எனக்கு ரசனை இல்லையா?

பதில்: ரசனை எல்லாம் இருக்கு, உங்களுக்குத் தப்பான கதவைத் திறந்து விட்டிருக்காங்க. ஒரே வரியில சொல்லக்கூடிய கதையில ஆரம்பிங்க. மஜீத் மஜீதியோட 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 1997, ஈரான் படம். தங்கச்சி ஷூவ அண்ணன் தொலைச்சிடுறான், வீட்டுல சொல்ல முடியாது, ஒரே ஜோடி ஷூவ ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுட்டு ஸ்கூல் போறாங்க, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு ஸ்கூல் விட்டு ஓடி வந்து சந்துல ஷூவ மாத்திக் குடுக்கணும், ஒரு நாள் ஓடி வரும்போது ஷூ கழண்டு கால்வாயில விழுந்து தண்ணியோட போகும், அத நீங்க சீட் நுனியில உக்காந்துதான் பாப்பீங்க, எந்த சேஸிங் சீனும் எனக்கு அவ்வளவு படபடப்பு குடுத்ததில்ல. அடுத்தது 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948, அதுவும் ஒரு வரி, வேலைக்குத் தேவையான சைக்கிள் களவு போயிடுச்சு, அப்பாவும் பையனும் தேடுறாங்க. சத்யஜித் ரே லண்டன்ல பாத்துட்டு நானும் படம் எடுப்பேன்னு முடிவு பண்ணது இந்தப் படத்தாலதான். அப்புறம் நம்ம பாலு மகேந்திராவோட 'வீடு', 1988. இந்த மூணுக்கும் அப்புறம் ஜப்பான் டைரக்டர் ஓசுவோட 'டோக்கியோ ஸ்டோரி' பக்கம் போங்க, அப்ப தூக்கம் வராது. இன்னொண்ணு, ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிச்சு வந்து ஆரம்பிக்காதீங்க, லீவு நாள் காலையில பாருங்க.

கேள்வி: ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு, நாங்க அஞ்சு பேரும் எதுக்கெடுத்தாலும் வாதம் பண்ற கேஸு.

பதில்: '12 ஆங்க்ரி மென்', 1957, 96 நிமிஷம். ஒரு ரூம், வழக்குல தீர்ப்பு சொல்ல உக்காந்த பன்னெண்டு பேர், அதான் ஜூரி, ஒரு பையன் குற்றவாளியா இல்லையா, முதல் ஓட்டுல குற்றவாளின்னு 11 பேர், இல்லன்னு ஒருத்தர். படம் போகப் போக ரூம் சுருங்குற மாதிரி தோணும், டைரக்டர் லூமெட் வேணும்னே கேமராவ முதல்ல கண்ணுக்கு மேல வெச்சு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறக்கிட்டே போவாரு, கடைசியில சீலிங்கே தலையில இடிக்கிற மாதிரி இருக்கும். முதல் ஓட்டு முடிஞ்சதும் நிறுத்தி உங்க அஞ்சு பேர் ஓட்டையும் ஒரு சீட்டுல எழுதி வெச்சிருங்க.

கேள்வி: கொஞ்ச நாளா மனசு படபடன்னே இருக்கு. எதுவும் ஆகாத படம் ஒண்ணு இருந்தா சொல்லுங்க.

பதில்: 'பர்ஃபெக்ட் டேஸ்', 2023, விம் வெண்டர்ஸ். டோக்கியோவுல பொதுக் கழிப்பறை சுத்தம் பண்ற ஒரு மனுஷனோட நாட்கள். காலையில கதவத் திறந்ததும் வானத்த நிமிந்து பாத்து லேசா சிரிப்பாரு, வேன்ல கேசட் போடுவாரு, மத்தியானம் மரத்துல வெயில் விழுறத ஒரு ஃபோட்டோ எடுப்பாரு, அடுத்த நாளும் அதேதான். பாதி பாத்துட்டுத் தூங்கிட்டாலும் தப்பில்ல, விட்ட இடத்துல நாளைக்கு ஆரம்பிச்சுக்கலாம். படபடப்பு விடாம இருந்தா டாக்டரையும் ஒரு தடவை பாத்துருங்க, படம் அதுக்கு மாத்து கிடையாது.

கேள்வி: அப்பா தவறி ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் அழுகையே வரல. 'வாரணம் ஆயிரம்' பாருன்னு சொல்றாங்க. என் தம்பியோட உக்காந்து பாக்கலாம்னு இருக்கேன், அவனும் நானும் சரியா பேசிக்கிறதே இல்ல.

பதில்: 'வாரணம் ஆயிரம்' ஆரம்பிக்கிறதே அப்பா சாவுலதான். நீங்க தனியா இருந்தா பாருங்கன்னு சொல்லிருப்பேன், தம்பியும் பக்கத்துல இருக்கும்போது ரெண்டு பேருக்கும் ஒருத்தருக்காக ஒருத்தர் அடக்கிக்கத் தோணும், தொண்டையிலேயே நின்னுடும். நீங்க கேட்டது அப்பாவப் பத்தி, ஆனா கடைசி வரியில தம்பியப் பத்தி சொல்லிருக்கீங்க, அதனால நான் 'த ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' சொல்றேன், 1999, டேவிட் லிஞ்ச். நடந்த கதை. பேச்சு வார்த்தை இல்லாத அண்ணனுக்குப் பக்கவாதம்னு கேள்விப்பட்டு, எழுவத்தி மூணு வயசு தம்பி, கார் ஓட்ட கண்ணு சரியில்லாததால, புல் வெட்டுற வண்டியில இருநூத்தி சொச்சம் மைல் போறாரு. மெதுவாதான் போகும், அந்த வண்டி வேகம் அவ்வளவுதான். வழியில பாக்குறவங்ககிட்ட எல்லாம் ஏதோ ஒண்ணு சொல்லிட்டே போவாரு, அதுல அண்ணன் தம்பியப் பத்தி அவரு சொல்ற வரிகள் வரும்போது நீங்க தம்பி பக்கம் திரும்பிப் பாக்க வேண்டாம், திரையவே பாருங்க, அவனும் அதையேதான் பாத்துட்டு இருப்பான். முடிவ நான் சொல்ல மாட்டேன். முடிஞ்சதும் உடனே லைட்ட போடாதீங்க, பேரு ஓடி முடியுற வரைக்கும் அப்படியே இருங்க.