தானாகச் சரியாகிவிட்ட வாய்க்கோணல்: டாக்டரிடம் போக வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. முந்தாநாள் காலை காபி குடிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணி, டம்ளர் கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ‘வாதக் காத்துதான், எண்ணெய் போட்டு நீவினால் போதும்’ என்கிறார் பெரியப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டுமா? (வாசகர், மணப்பாறை)

பதில்: போயே ஆக வேண்டும், இன்றைக்கே. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்து, நல்லவேளையாகத் தானே விலகியிருக்கிறது. இதை மினி ஸ்ட்ரோக் என்கிறோம். பின்னாலேயே பெரிய பக்கவாதம் வரலாம். முதல் இரண்டு நாட்களில்தான் ஆபத்து அதிகம். அதைக் கிட்டத்தட்ட முழுவதும் நீங்கள் பெரியப்பாவோடு பேசியே கழித்துவிட்டீர்கள்.

நெஞ்சு வலித்தால் ஓடி வருகிறார்கள். பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை. நோயாளியே “ஒண்ணுமில்லப்பா, படுத்தால் சரியாகும்” என்பார். அவரை நம்பாதீர்கள், கை விழுந்ததை உணரும் மூளைப் பகுதியே சிலருக்கு அடிபட்டிருக்கும்.

மறுபடி வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம், ஏனென்றால் ரத்தக்கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள் என்பதும் இதனால்தான். விரல் நுனியில் ஊசி குத்தச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியம், புறா ரத்தம் தடவுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். புறா ரத்தம் காய்ந்த கையோடு ஆறு மணி நேரம் கழித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வண்டி. 108-க்குக் கூப்பிட்டு ‘பக்கவாதம்’ என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். சில தனியார் ஆம்புலன்ஸ்கள் கமிஷன் தரும் ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்பும். அங்கே குளுக்கோஸ் ஏற்றி, இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் ‘பெரிய இடத்துக்குப் போங்கள்’ என்று சீட்டு எழுதுவார்கள். வாசலிலேயே கேளுங்கள்: சி.டி. இருக்கிறதா, இப்போது எடுப்பீர்களா, ஊசி போடுவீர்களா? மெஷின் இருக்கும், எடுக்கிற ஆள் சாயங்காலமே கிளம்பியிருப்பார். இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது!

தூக்கத்தில் வந்தால் என்ன செய்வது என்று பலர் குழம்புகிறார்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தாரோ அங்கிருந்துதான் நேரம் ஓடும். இரவு பத்துக்குப் படுத்தவர் காலை ஐந்துக்குக் கை வராமல் எழுந்தால் ஏழு மணி நேரம் என்றே கணக்கு. நாலு மணிக்குப் பாத்ரூம் போய் வந்தபோது நன்றாக நடந்தாரா? அப்படியானால் ஒரு மணி நேரம்தான். அம்மா அதைப் பார்த்திருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். யாருமே பார்க்கவில்லையா? சரி, அப்போதும் வாருங்கள். எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போட முடிகிறவர்கள் உண்டு. பெரிய குழாய் அடைப்பென்றால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடத் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கலாம். ‘நேரம் தாண்டிவிட்டது’ என்று வீட்டில் உட்கார்ந்து நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

இப்போதைக்கு அப்பாவுக்கு மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், ஈ.சி.ஜி., பி.பி., சர்க்கரை பார்க்க வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரியப்பாவையும் வேண்டுமானால் கூட்டிப் போங்கள், எண்ணெய் மட்டும் வீட்டில் இருக்கட்டும்.