சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. “சத்தம் கேக்குது, நீங்க பேசுறதுதான் புரியல” என்கிறார். இணையத்தில் 2,000 ரூபாய்க்கு காது மெஷின் கிடைக்கிறது. கடையில் ஒரு காதுக்கே 60,000 சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அப்பா சொன்ன வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற ஒலிகள்தான். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். ச, த, ஃப போன்றவை நழுவிவிடும். ‘பத்து’ என்றால் ‘பட்டு’ என்று விழும். அந்த 2,000 ரூபாய் மெஷின்களில் பெரும்பாலானவை எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டித் தருபவை. குக்கர் விசிலும் பாத்திரம் உருளும் சத்தமும் காதைப் பிளக்கும், பேச்சு மட்டும் பழையபடியே இருக்கும். அதை வாங்காதீர்கள்.

அதற்காக 60,000 ரூபாயையும் உடனே எடுத்து நீட்ட வேண்டாம். முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு வெறும் அழுக்கடைப்பாகக்கூட இருக்கும். (ஒரு காது திடீரென ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அது அவசரம், அன்றைக்கே போக வேண்டும்.) அடுத்தது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம் எடுப்பது. அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். கருவியை அந்த வரைபடத்துக்கு ஏற்றபடி கணினியில் இணைத்து அமைப்பார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான மதிப்பு இந்த வேலையில்தான் இருக்கிறது. ‘இத்தனை சேனல்’ (கருவி ஒலியை எத்தனை பகுதியாகப் பிரித்துக் கையாளும் என்பது) என்று கடையில் சொல்லும் கணக்கில் மயங்க வேண்டாம். இரண்டு காதிலும் குறை இருந்தால், விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு நல்லது.

அப்புறம், அப்பாவின் விரல்களைப் பாருங்கள். காதுக்குள் மறையும் சின்னக் கருவிதான் வேண்டும் என்று என் அம்மா பிடிவாதம் பிடித்தார். பொட்டு அளவு பேட்டரி. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அதைப் போடப் போவார், நழுவித் தரையில் உருளும். மூன்றே மாதத்தில் கருவி பீரோவுக்குள் போய்விட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும், சார்ஜ் ஏற்றும் வகைக்கு மாறிய பிறகுதான் தினமும் போட ஆரம்பித்தார்.

பணம் கட்டும் முன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அமைதியான அறையில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் கேட்கும். சந்தையிலும் கல்யாண வீட்டிலும் கேட்க வேண்டும். முதல் சில வாரம் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். இரண்டு மூன்று முறை போய்த் திருத்தி அமைக்க வேண்டிவரும், அது விலையில் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். இந்தக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் அதையும் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தகுதி இருந்தால் இலவசமாகவே தருகிறார்கள்.

கேள்வி: மெஷின் போட்டால் இருக்கிற காதும் போய்விடும் என்கிறார்களே?

பதில்: சரியாக அளந்து அமைத்த கருவியால் அப்படி ஆகாது. அளக்காமல் கண்டபடி சத்தம் கூட்டும் மெஷினால்தான் காதுக்குக் கெடுதி. இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வியர்வைக்கு அது அவசியம்.