கொலுப் படம் போட்டேன், எதிர்வீட்டு அக்கா அழுதுவிட்டார்

கேள்வி: நான் வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு காட்பாடி பக்கம். போட்டோ எடுப்பதில் பைத்தியம். பெரும்பாலும் போன்தான், எப்போதாவது மாமாவின் பழைய டிஜிட்டல் கேமரா கிடைக்கும். புரட்டாசி பிறந்தால் கார்த்திகை வரை எங்கள் தெருவில் ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவேன். இந்த நவராத்திரிக்கு எதிர்வீட்டுக் கொலுவில் பட்டுப்பாவாடை கட்டிப் பாடிக்கொண்டிருந்த அவர்கள் மகளை எடுத்துப் போட்டேன். எட்டாவது படிக்கும் பெண். சில நாளில் அதே படத்தை முகப்பில் வைத்து யாரோ ஒரு போலிக் கணக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அக்கா எங்கள் வாசலில் நின்று அழுதார். அப்பா, "எல்லாத்தையும் அழிச்சிட்டு போனைக் கீழ வை" என்கிறார். அந்த வாரம்தான் கல்லூரியில் சைபர் பாதுகாப்புக் கூட்டமும் நடந்தது. தெரியாத லிங்க்கைத் தொடாதே, ஓடிபி சொல்லாதே என்றார்கள். படம் எடுக்கிறவனுக்கு என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுப்பதையே விட்டுவிட வேண்டுமா? கார்த்திகைக்கு நெருப்புப் பொறி பறக்க மாவலி சுற்றுவதை எடுக்கப் போன வருஷத்திலிருந்து காத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்:

விட வேண்டாம், தம்பி. மாவலியையும் எடுங்கள், எப்படி எடுப்பது என்று கீழே விரிவாகவே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இவ்வளவு எழுதிய நீங்கள், அந்தப் போலிக் கணக்கு இப்போதும் இருக்கிறதா இல்லையா என்று எழுதவில்லை. இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கின் பெயர், அதன் லிங்க், போட்ட பதிவுகள், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரிப்போர்ட் செய்வது அதற்கு அப்புறம்தான், ஏனென்றால் கணக்கு போய்விட்டால் உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது. அந்தக் கணக்குக்கு மெசேஜ் அனுப்பித் திட்டுவது, நண்பர்களைக் கூட்டிப் போய் கமெண்ட்டில் சண்டை போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம், உஷாராகிப் பெயரை மாற்றிக்கொண்டு நழுவிவிடுவான். ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் அந்தப் பெண்ணின் அம்மாவோ அப்பாவோ ரிப்போர்ட் செய்யட்டும், அவர்கள் செய்தால்தான் அதற்கு எடை. நீங்கள் உங்கள் பக்கமிருந்து இன்னொன்று செய்யலாம்: 1957 ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எடுத்த படத்துக்கு உரிமை எடுத்தவருடையது, அதனால் 'என் படத்தை அனுமதி இல்லாமல் போட்டிருக்கிறார்கள்' என்று தனியாக ஒரு காப்புரிமைப் புகார் கொடுங்கள். இரண்டு புகாரும் சேர்ந்து போகட்டும். ஒரிஜினல் ஃபைலைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், நீங்கள்தான் எடுத்தீர்கள் என்பதற்கு அதற்குள் பதிந்திருக்கும் தேதியும் நேரமும்தான் சாட்சி.

அப்புறம் 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நேரில் போக வேண்டுமென்றால் மாவட்டத்துச் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. கணினி வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 வருடம் வரை சிறை. அந்தப் படத்தை யாராவது ஆபாசமாக மாற்றியிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அவள் குழந்தை, சட்டம் இன்னும் கடுமையாகப் பாயும். அப்படி ஒரு படம் உங்கள் கண்ணில் பட்டால் 'பாரு இப்படிப் போட்டிருக்கான்' என்று ஒருவருக்குக்கூட ஃபார்வர்ட் செய்யக் கூடாது. லிங்க்கைக் குறித்துப் போலீசிடம் கொடுத்தால் போதும். அந்தப் பெண் பயந்துபோயிருந்தால் 1098 குழந்தைகளுக்கான எண், அவளே கூப்பிடலாம்.

இதையெல்லாம் நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போங்கள், அந்த அக்காவோடு உட்கார்ந்து செய்யுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு செய்தவன் யாரோ ஒரு திருடன், ஆனால் அவனுக்குப் படம் கிடைத்தது உங்கள் பக்கத்திலிருந்து. அதை அவர் வாயால் சொல்லிக் காட்டுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம் எடுப்பது ஒரு முடிவு, அதை ஊருக்குக் காட்டுவது இன்னொரு முடிவு. போன் வந்த பிறகு இந்த இரண்டும் ஒரே விரல் தட்டலில் ஒட்டிக்கொண்டுவிட்டன, அதைப் பிரித்து வைக்க வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது. கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள் உங்களைத்தான் வீட்டுக்குள் அழைத்தார்கள். உங்களைப் பின்தொடரும் முன்பின் தெரியாத நூறு பேரை அழைக்கவில்லை. காப்புரிமை உங்களுடையது என்றேனே, அது படத்துக்குத்தான். முகம் அந்தப் பெண்ணுடையது. ஆகவே எடுக்கும்போது ஒரு தடவை கேளுங்கள், போடும்போது இன்னொரு தடவை கேளுங்கள். 18 வயதுக்குள் இருந்தால் பெற்றவர்களிடமும் கேட்க வேண்டும், அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அவள் படத்தைப் பற்றி நிச்சயமாக ஒரு அபிப்பிராயம் இருக்கும். பலரும் அவளிடம் கேட்பதே இல்லை.

நீங்கள் சொன்ன புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாதத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மஹாளய அமாவாசைக்குப் பாலாற்றங்கரையில் தர்ப்பணம் கொடுக்கிறவர்களை எடுக்க ஆசை வரும். அந்த மனிதர் அப்பாவை நினைத்து உட்கார்ந்திருக்கிறார், அவர் முகம் நமக்கு எதற்கு? எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்குகிற கையை மட்டும், அதுவும் கேட்டுவிட்டு எடுத்தால் போதும். புரட்டாசி சனிக்கிழமை பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயில் வாசல் கூட்டம் என்றால் அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, பொது இடம், பொதுவான கூட்டம். ஸ்ரீபுரம் பொற்கோயில் மாதிரி போனையே உள்ளே விடாத இடத்தில் நிம்மதியாகச் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள். சரஸ்வதி பூஜையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அடுக்கி வைத்த நோட்டுப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அழகாக எடுத்துப் போடுவார்கள், மேலே இருக்கிற லேபிளில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி மூன்றும் பளிச்சென்று தெரியும். அந்த மூன்று விவரம் போதும், ஒருவன் பள்ளி வாசலில் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு. ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டிய வண்டி என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். தீபாவளிக்குச் சொந்த ஊருக்குப் போனால் படங்களைத் திரும்பி வந்து போடுங்கள், வீடு பூட்டியிருக்கிறது என்று நாமே தண்டோரா போட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எந்தக் கருவி, எந்தத் தேதி, என்ன ஷட்டர் வேகம் என்ற குறிப்பு ஒளிந்திருக்கும். போனில் லொக்கேஷன் போட்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் சேர்ந்துகொள்ளும். இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போது பார்க்கிறவர்களுக்கு அது கிடைக்காதபடி கழற்றிவிடுவார்கள், வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் போய்விடும். ஆனால் தரம் குறையக் கூடாதென்று டாகுமெண்டாக அனுப்புகிறோமே, டிரைவ் லிங்க் கொடுக்கிறோமே, அப்போது அவ்வளவும் அப்படியே கூடப் போகும், எதிர்வீட்டுக் கூடத்தின் இருப்பிடம் உட்பட. கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்து வையுங்கள். வாட்டர்மார்க் போட்டால் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள், வெட்டி எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. முகம் நேராக, தெளிவாக இருக்கிற படம்தான் போலிக் கணக்குக்காரனுக்கும் முகத்தை மாற்றி ஒட்டுகிற செயலிக்கும் வேண்டியது. அதைத்தான் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

முகம் இல்லாமல் என்ன படம் என்று கேட்பீர்கள். எதிர்வீட்டுக் கொலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் அடித்தால் வர்ணம் பூசிய மண் பொம்மையெல்லாம் பளபளவென்று மின்னி முகமே தெரியாமல் போகும். டியூப்லைட்டை ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லிவிட்டு, போன் திரையில் குத்துவிளக்குச் சுடரைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இப்போது அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பின்னலில் தொங்கும் குஞ்சலம், தோளின் விளிம்பில் மஞ்சள் வெளிச்சம், எதிரே படிப்படியாகப் பொம்மைகள். நேராக நிறுத்தி எடுத்த முகத்தைவிட இதில் நவராத்திரி அதிகமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மாவலிக்கு வருகிறேன். பனம்பூவைக் கருக்கிப் பொடித்துத் துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுற்றுவது எத்தனை ஊரில் இன்னும் மிஞ்சியிருக்கிறது? உங்கள் தெருவில் இருக்கிறதென்றால் அதைப் பதிவு செய்ய வேண்டும், கட்டாயம் வேண்டும். 1989 வரை திருவண்ணாமலையும் நம் வட ஆற்காடு மாவட்டம்தான், அந்த மலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏறுகிற நேரம்தான் உங்களுக்கும் சரியான நேரம். சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரம் வானத்தில் கருநீலம் மிச்சமிருக்கும், முழு இருட்டாகிவிட்டால் படத்தில் பொறி மட்டும்தான் இருக்கும், தெரு இருக்காது.

மாமாவின் கேமராவை வாங்கி வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் திண்ணையோ மதில் சுவரோ போதும், கை படாமல் இருக்க 2 நொடி டைமர் வையுங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 8, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 2 நொடியில் ஆரம்பித்துப் பாருங்கள், பொறி வெள்ளையாக வெளிறினால் அப்பெர்ச்சரை 11க்குக் கொண்டுபோங்கள், வட்டம் பாதியில் நின்றால் ஷட்டரை 4 நொடியாக்குங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், அதனால் சுற்றுகிறவர் நிற்கும் இடத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். போனில்தான் எடுக்கிறேன் என்றால் நைட் மோடு வேண்டாம், அது பல படங்களைச் சேர்த்து ஒட்டுவதால் பொறிக் கோடு துண்டு துண்டாக வர வாய்ப்புண்டு, புரோ மோடில் ஷட்டரை நீங்களே வையுங்கள். லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள், விளக்கேற்றிய எண்ணெய்க் கை அதில் பட்டிருக்கும். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, பொறி பறக்கும் வட்டத்துக்கு நன்றாக வெளியே நில்லுங்கள், பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கட்டும்.

இன்னொரு நல்ல விஷயம். இரண்டு நொடி, நான்கு நொடி ஷட்டரில், உடம்பை அசைத்துச் சுற்றுகிறவரின் முகம் பெரும்பாலும் தெளிவாகப் பதியாது. நெருப்பு வட்டமும் நடுவில் ஒரு நிழலுருவமும்தான் வரும். சுற்றுகிற பையனிடம் திரையில் காட்டிவிட்டு, அவன் வீட்டிலும் சரியென்றால் தாராளமாகப் போடலாம்.

அப்பா சொன்னதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிள்ளைகள் முகமோ, வீட்டு எண்ணோ, வண்டி நம்பரோ தெரிகிறதை ஆர்கைவ் செய்துவிடுங்கள், அழியாது, மற்றவர் கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும். கணக்கைப் பிரைவேட் ஆக்கி, தெரியாதவர்களை எடுத்துவிடுங்கள். ஒரிஜினல்களை ஒரு ஹார்ட் டிஸ்கிலும் இன்னொரு இடத்திலும் காப்பி போட்டு வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் அவர் போனைக் கீழே வை என்றால், எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.